மணிப்பூர்: ஒரே நிலம், மூன்று வரைபடங்கள்

புது தில்லி: தலைநகரின் ஜந்தர் மந்தரில் 2023-ம் ஆண்டின் கோடையில் மணிப்பூரைச் சேர்ந்த இரு தரப்பினரும் ஆர்ப்பாட்டங்கள் நடத்தினர். ஒரே நாளில் அல்ல. ஒரே மேடையிலும் அல்ல. மாநிலத்தின் எல்லை ஓர் அங்குலமும் குறையக் கூடாது என்றனர் மைதேயி சமூகத்தினர். இனி இம்பாலின் ஆட்சியின் கீழ் வாழ முடியாது, தனி நிர்வாகம் வேண்டும் என்றனர் குகி-சோ சமூகத்தினர். இரு தரப்புமே தீர்வை எதிர்பார்த்தது மத்திய அரசிடம்தான்.

அந்த ஆண்டு மே 3-ம் தேதி தொடங்கிய வன்முறையில் 250-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஏறத்தாழ 60 ஆயிரம் பேர் வீடிழந்து முகாம்களிலும் உறவினர் இல்லங்களிலும் தஞ்சமடைந்தனர். காவல் நிலையங்களிலிருந்தும் ஆயுதக் கிடங்குகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான துப்பாக்கிகள் சூறையாடப்பட்டன. முதல்வர் பிரேன் சிங் 2025 பிப்ரவரி 9-ம் தேதி பதவி விலகினார். பிப்ரவரி 13-ம் தேதி குடியரசுத் தலைவர் ஆட்சி அமலுக்கு வந்தது. மணிப்பூரின் வரலாற்றில் இது 11-வது முறை.

இந்நிகழ்வுகளை இரு இனங்களுக்கு இடையிலான திடீர்ப் பகை என்று மட்டும் பார்த்தால் பாதி உண்மையே தெரியும். மலை எது, சமவெளி எது, யார் எத்தனை பேர், எந்த மண் யாருடையது என்ற கேள்விகளுக்கு அம்மாநிலத்தில் ஒருபோதும் ஒருமித்த விடை இருந்ததில்லை. 2027 மார்ச் 1-ம் தேதியைக் கணக்கு நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பும், நெடுங்காலமாக நிலுவையில் உள்ள தொகுதி மறுவரையறையும் அதே கேள்விகளை மீண்டும் எழுப்புகின்றன. ஆகவே மணிப்பூரின் நிலவியல், வரலாறு, மக்கள்தொகை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது அவசியமாகிறது.

பத்தில் ஒரு பங்கு சமவெளி

மணிப்பூரின் பரப்பு 22,327 சதுர கிலோ மீட்டர். தமிழகத்தின் பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 28.55 லட்சம், கோவை மாவட்டத்தின் அன்றைய மக்கள்தொகையைவிடவும் குறைவு. வடக்கே நாகாலாந்து, தெற்கே மிஸோரம், மேற்கே அசாம். கிழக்கிலும் தென்கிழக்கிலும் மியான்மருடன் 398 கி.மீ. நீளமுள்ள சர்வதேச எல்லை.

மாநிலத்தின் நடுவே முட்டை வடிவில் இம்பால் சமவெளி கிடக்கிறது. சுற்றிலும் மலைத் தொடர்கள். சமவெளியின் தெற்கில் லோக்தாக் ஏரி. மேற்கு மலைகளின் நீர் பராக் ஆற்றின் வழியாக அசாமுக்குச் செல்கிறது. சமவெளியின் நீரோ மணிப்பூர் ஆறாகத் தெற்கே ஓடி மியான்மரின் சிந்வின் ஆற்றில் கலக்கிறது. இம்மாநிலம் இரு திசைகளையும் நோக்கி நிற்பது என்பதற்கு ஆறுகளே சாட்சி.

2011-ல் சமவெளியில் நான்கு மாவட்டங்கள், மலையில் ஐந்து மாவட்டங்கள் என மொத்தம் 9 மாவட்டங்கள் இருந்தன. 2016 டிசம்பரில் மேலும் 7 உருவாக்கப்பட்டு எண்ணிக்கை 16 ஆனது. பழைய நான்கு சமவெளி மாவட்டங்களின் பரப்பு, மாநிலத்தின் மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே. ஆனால் மக்களில் 57 சதவீதத்தினர் அங்கே வசித்தனர். சதுர கி.மீ.க்கு அங்கே ஏறத்தாழ 730 பேர். மலையில் 61 பேர்.

சமவெளியில் பெரும்பான்மையினர் மைதேயிகள். அவர்களுடன் பாங்கல் எனப்படும் மைதேயி மொழி பேசும் முஸ்லிம்களும் வாழ்கின்றனர். மலையின் வடக்கிலும் மேற்கிலும் கிழக்கிலும் நாகா இனக் குழுக்கள்: தாங்குல், மாவோ, மரம், கபுய், ஸெலியாங்ரோங் உள்ளிட்டோர். தெற்கிலும் காங்போக்பி பகுதியிலும் மியான்மர் எல்லையோரத்திலும் குகி-சோ குழுக்கள்: தாடோ, பைதே, ஹ்மார், வைபேய், ஸோவ் உள்ளிட்டோர். இந்தப் பிரிவினை வரைபடத்தில் தெரியும் அளவுக்குத் தெளிவானது அல்ல. நாகா கிராமத்துக்கு அடுத்து குகி கிராமம், அதற்கு அடுத்து மீண்டும் நாகா கிராமம் என்று அமைந்த மலைச்சரிவுகள் பல உண்டு.

இம்மூன்று சமூகத்தாரின் மொழிகளும் திபெத்-பர்மிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மதமோ பிரித்து நிற்கிறது. 2011 கணக்கெடுப்பில் இந்துக்கள் 41.39 சதவீதம், கிறிஸ்தவர்கள் 41.29 சதவீதம், முஸ்லிம்கள் 8.4 சதவீதம். மைதேயிகளின் தொன்மையான சனாமஹி வழிபாட்டைத் தம் சமயமாகப் பதிவு செய்தவர்களும் கணிசமாக உள்ளனர்.

நிலச் சட்டத்தின் இரு பக்கங்கள்

மணிப்பூர் நில வருவாய் மற்றும் நிலச் சீர்திருத்தச் சட்டம் 1960-ல் இயற்றப்பட்டது. இச்சட்டம் மலைப் பகுதிகளுக்குப் பொதுவாகப் பொருந்தாது. பழங்குடியினரின் நிலம் பழங்குடியினர் அல்லாதோருக்கு எளிதில் கைமாறாதபடி அதில் பாதுகாப்பும் உண்டு. நடைமுறையில், மலைவாழ் பழங்குடியினர் சமவெளியில் நிலம் வாங்கிக் குடியேறலாம். மைதேயிகள் மலையில் அவ்வாறு செய்வது அரிது.

பத்தில் ஒரு பங்கு நிலத்தில் பாதிக்கு மேற்பட்ட மக்கள் நெருக்கியடித்து வாழ, மீதமுள்ள நிலம் தமக்கு மூடப்பட்டிருக்கிறது என்பது மைதேயிகளின் குறை. அரசுப் பணி, மருத்துவமனை, பல்கலைக்கழகம், சட்டப்பேரவை ஆகிய அனைத்தும் சமவெளியிலேயே குவிந்திருக்க, தமக்கு எஞ்சியுள்ள ஒரே பாதுகாப்பு நிலம்தான் என்பது மலைமக்களின் பதில். இவ்விரண்டு குறைகளிலும் உண்மை இருப்பதே சிக்கலின் கடினம்.

தங்களையும் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற மைதேயி அமைப்புகளின் கோரிக்கை இப்பின்னணியில் எழுந்தது. நீலகிரியில் படுகர் சமூகத்தினர் நெடுங்காலமாக எழுப்பிவரும் கோரிக்கையைத் தமிழக வாசகர்கள் அறிவர். ஆனால் மணிப்பூரில் கோரிக்கை வைப்பது மாநிலத்தின் மிகப் பெரிய சமூகம். அது நிறைவேறினால் மலை நிலத்தின் கதவு திறக்கும் என்று பழங்குடியினர் அஞ்சுகின்றனர். இக்கோரிக்கை குறித்து மத்திய அரசுக்குப் பரிந்துரை அனுப்புவதைப் பரிசீலிக்குமாறு மணிப்பூர் உயர் நீதிமன்றம் 2023 மார்ச் 27-ம் தேதி மாநில அரசுக்கு உத்தரவிட்டது. அதை எதிர்த்துப் பழங்குடி மாணவர் அமைப்பு மே 3-ம் தேதி நடத்திய பேரணியை அடுத்தே வன்முறை மூண்டது. உத்தரவின் அப்பகுதியை உயர் நீதிமன்றமே 2024 பிப்ரவரியில் நீக்கிவிட்டது. ஆனால் அதற்குள் சமவெளியில் குகிகளும், குகி மலைப் பகுதிகளில் மைதேயிகளும் இல்லை என்ற நிலை உருவாகியிருந்தது.

அரசர் காலத்து எல்லைகள்

மணிப்பூர் நீண்ட காலம் தனி அரசாக இருந்த நாடு. அரண்மனையின் ஆண்டுக் குறிப்பான சைதரோல் கும்பாபா அரச மரபைக் கி.பி. 33 வரை கொண்டு செல்கிறது. 18-ம் நூற்றாண்டில் கரீப் நிவாஸ் என்று அறியப்பட்ட மன்னர் பாம்ஹெய்பா வைணவத்தை அரச மதமாக்கினார். பர்மாவுக்குள் படையெடுத்துச் சென்றவரும் அவரே.

அடுத்த நூற்றாண்டில் நிலை தலைகீழானது. 1819 முதல் 1826 வரை மணிப்பூர் பர்மியப் படைகளின் பிடியில் சீரழிந்தது. இக்காலம் "ஏழாண்டுப் பேரழிவு" என்று மக்கள் நினைவில் நிற்கிறது. மன்னர் கம்பீர் சிங் ஆங்கிலேயர் உதவியுடன் நாட்டை மீட்டார். 1826-ல் கையெழுத்தான யாண்டபோ உடன்படிக்கை முதல் ஆங்கிலேய-பர்மியப் போரை முடித்துவைத்தது. ஆனால் சிந்வின் ஆற்றை ஒட்டிய காபாவ் பள்ளத்தாக்கை ஆங்கிலேயர் 1834-ல் பர்மாவிடம் ஒப்படைத்தனர். அதற்கு ஈடாக மணிப்பூர் அரசுக்கு மாதம் 500 ரூபாய் வழங்கினர். இன்றைய எல்லைக்கோடு ஏறத்தாழ அன்று விழுந்தது. கோட்டின் இருபுறமும் ஒரே குலத்தவர் வாழ்ந்தனர் என்பதை அன்றும் யாரும் பொருட்படுத்தவில்லை.

1891-ல் ஆங்கிலேயருக்கும் மணிப்பூருக்கும் போர் மூண்டது. இளவரசர் டிகேந்திரஜித் அவ்வாண்டு ஆகஸ்ட் 13-ம் தேதி இம்பாலில் தூக்கிலிடப்பட்டார். நாட்டை நேரடியாக இணைத்துக்கொள்ளாமல், சூராசந்த் என்ற சிறுவனை அரியணையில் அமர்த்தியது பிரிட்டிஷ் அரசு. 1907-ல் ஆட்சிப் பொறுப்பு அரசரிடமும் தர்பாரிடமும் ஒப்படைக்கப்பட்டபோது, மலைப் பகுதிகளின் நிர்வாகம் பிரிட்டிஷ் அதிகாரியின் கையிலேயே வைக்கப்பட்டது. சமவெளிக்கு ஓர் ஆட்சி, மலைக்கு ஓர் ஆட்சி என்ற முறை அப்படித் தொடங்கியது.

முதல் உலகப் போரின்போது பிரான்சுக்குக் கூலிப்படை திரட்ட ஆங்கிலேயர் முயன்றதை எதிர்த்து 1917 முதல் 1919 வரை குகிகள் ஆயுதம் ஏந்தினர். ஸெலியாங்ரோங் நாகாக்களிடையே இயக்கம் நடத்திய ஜாதோனாங் 1931-ல் தூக்கிலிடப்பட்டார். அவரைத் தொடர்ந்து போராடிய இளம்பெண் கைதின்லியூ பல ஆண்டுகள் சிறையில் இருந்தார். சமவெளியில் 1904-லும் 1939-லும் பெண்களே திரண்டு நடத்திய போராட்டங்கள் "நூபி லான்" என்று போற்றப்படுகின்றன. மூன்று சமூகங்களும் ஒரே ஆட்சியை எதிர்த்தன. ஆனால் தனித்தனியே எதிர்த்தன. இன்று ஒவ்வொன்றும் தன் நாயகர்களைத் தனியே கொண்டாடுகிறது.

இந்தியாவுடன் இணைப்பு

சுதந்திரத்துக்குப் பின் மணிப்பூர் தனக்கென ஓர் அரசியல் சட்டத்தை இயற்றி, 1948-ல் வயது வந்தோர் வாக்குரிமையுடன் தேர்தல் நடத்தியது. நாட்டின் முதல் பொதுத் தேர்தலுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நடந்த தேர்தல் அது. எனினும் மகாராஜா போதசந்திர சிங் ஷில்லாங்கில் 1949 செப்டம்பர் 21-ம் தேதி இணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அக்டோபர் 15-ம் தேதி மணிப்பூர் இந்தியாவுடன் இணைந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவை கலைந்தது. பேரவையைக் கலந்துகொள்ளாமல் பெறப்பட்ட கையெழுத்து என்ற மனக்குறை, பின்னர் தோன்றிய தீவிரவாத அமைப்புகளுக்கு மூலதனமாயிற்று. 1964-ல் தொடங்கிய ஐக்கிய தேசிய விடுதலை முன்னணி அவற்றில் முதன்மையானது. அதன் ஒரு பிரிவு 2023 நவம்பரில் மத்திய அரசுடன் அமைதி ஒப்பந்தம் செய்துகொண்டது.

1956-ல் யூனியன் பிரதேசமான மணிப்பூர், 1972 ஜனவரி 21-ம் தேதி முழு மாநிலமானது. பக்கத்து நாகாலாந்து 1963-லேயே மாநிலமாகியிருந்தது. தொன்மையான அரசைக் கொண்ட தமக்கு மாநிலத் தகுதி தாமதமானது மைதேயிகளை உறுத்தியது. மலைப் பகுதிகளின் நலனுக்காக அரசியல் சட்டத்தில் 371-சி பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி மலைத் தொகுதி உறுப்பினர்களைக் கொண்ட மலைப் பகுதிக் குழு பேரவையில் அமைந்தது. ஆனால் அசாம், மேகாலயம், திரிபுரா, மிஸோரம் ஆகியவற்றின் பழங்குடிப் பகுதிகளுக்குக் கிடைத்த ஆறாவது அட்டவணைப் பாதுகாப்பு மணிப்பூருக்குக் கிடைக்கவில்லை. 1971 சட்டத்தின்படி அமைந்த மலை மாவட்டக் கவுன்சில்களிடம் அதிகாரமும் குறைவு, நிதியும் குறைவு என்ற புகார் அன்று முதல் தொடர்கிறது.

மூன்று கனவுகள்

ஒரே மண்ணின் மீது இப்போது மூன்று வரைபடங்கள் விரிக்கப்பட்டுள்ளன.

முதலாவது, மைதேயிகளின் வரைபடம். அரசர் காலம் முதல் இருந்துவரும் மணிப்பூரின் எல்லை புனிதமானது என்பது அவர்கள் நிலைப்பாடு. நாகா அமைப்பான என்.எஸ்.சி.என். (ஐ.எம்.) பிரிவுடன் 1997-ல் செய்துகொண்ட போர் நிறுத்தத்தை எல்லை வரம்பின்றி விரிவுபடுத்த 2001-ல் மத்திய அரசு இசைந்தபோது, ஜூன் 18-ம் தேதி இம்பால் கொந்தளித்தது. சட்டப்பேரவைக் கட்டடத்துக்குத் தீ வைக்கப்பட்டது. 18 பேர் உயிரிழந்தனர். மத்திய அரசு பின்வாங்க நேர்ந்தது.

இரண்டாவது, நாகாக்களின் வரைபடம். உக்ருல், சேனாபதி, தமெங்லாங், சந்தேல் ஆகிய மணிப்பூரின் மலைப் பகுதிகளையும் உள்ளடக்கிய நாகாலிம் என்பது என்.எஸ்.சி.என். (ஐ.எம்.) அமைப்பின் கோரிக்கை. 2015 ஆகஸ்ட் 3-ம் தேதி தில்லியில் கையெழுத்தான கட்டமைப்பு ஒப்பந்தம் இறுதித் தீர்வாக முதிரவில்லை.

மூன்றாவது, குகி-சோ மக்களின் வரைபடம். மலையின் தென்பகுதியையும் காங்போக்பி வட்டாரத்தையும் இணைத்துத் தனி மாநிலம் வேண்டும் என்ற பழைய கோரிக்கை, 2023-க்குப் பின் சட்டப்பேரவையுடன் கூடிய யூனியன் பிரதேசம் என்ற வடிவம் பெற்றது. ஆளும் கட்சியைச் சேர்ந்தவர்கள் உள்பட 10 குகி-சோ எம்.எல்.ஏ.க்கள் வன்முறை தொடங்கிய பத்து நாள்களுக்குள் தனி நிர்வாகம் கோரி அறிக்கை வெளியிட்டனர்.

இம்மூன்று வரைபடங்களும் ஒன்றன்மீது ஒன்று படிகின்றன. நாகாலிம் வரைபடத்தில் உள்ள பல கிராமங்கள் குகிகளின் வரைபடத்திலும் உள்ளன. 1990-களில் நாகா-குகி மோதலில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டதற்கு இதுவே வேர். 1997-98-ல் குகிகளுக்கும் பைதேக்களுக்கும் இடையிலும் ரத்தம் சிந்தியது. ஆகவே சமவெளி ஒரு பக்கம், மலை ஒரு பக்கம் என்று கோடு கிழித்தால் சிக்கல் தீர்ந்துவிடாது. எந்தக் கோடு போட்டாலும் புதிய சிறுபான்மையினர் தோன்றுவர்.

எண்ணிக்கையே அரசியல்

மணிப்பூர்ச் சட்டப்பேரவையில் 60 இடங்கள். சமவெளிக்கு 40, மலைக்கு 20. மலைத் தொகுதிகளில் 19 பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை. இப்பங்கீடு 1971 கணக்கெடுப்பை ஒட்டியது. 2011 கணக்கின்படி மலை மாவட்டங்களின் மக்கள்தொகை ஏறத்தாழ 43 சதவீதம். மக்கள்தொகையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் மலைக்கு 25 அல்லது 26 இடங்கள் சேர வேண்டும். சமவெளியின் மேலாதிக்கம் அதனால் மறைந்துவிடாது; ஆனால் மலையின் ஆதரவின்றி அரசு அமைப்பது இன்றைவிடக் கடினமாகும்.

சமவெளி அமைப்புகள் இக்கணக்கையே ஏற்பதில்லை. 2001 கணக்கெடுப்பில் சேனாபதி மாவட்டத்தின் மாவோ-மரம், பாவோமாதா, புருல் ஆகிய மூன்று உட்கோட்டங்களில் இயல்புக்கு மீறிய வளர்ச்சி பதிவானது. அதன் உண்மைத்தன்மை கேள்விக்கு உள்ளாகி, அப்பகுதிகளின் எண்கள் அட்டவணைகளிலிருந்து விலக்கப்பட்டன. இதன் விளைவு இன்றும் தொடர்கிறது. மாநிலத்தில் பழங்குடியினர் எத்தனை சதவீதம் என்ற எளிய கேள்விக்கு, அம்மூன்று உட்கோட்டங்களைச் சேர்த்தால் 41 என்றும் விலக்கினால் 35 என்றும் இரு விடைகள் 2011 கணக்கில் கிடைக்கின்றன.

தொகுதி மறுவரையறைச் சட்டம் 2002-ன் கீழ் நாடெங்கும் பணி முடிந்தபோதும், மணிப்பூர், அசாம், நாகாலாந்து, அருணாசலப் பிரதேசம் ஆகிய நான்கில் 2008-ல் அது ஒத்திவைக்கப்பட்டது. அந்த ஒத்திவைப்பை 2020 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் ரத்து செய்தார். அசாமில் 2023-ல் பணி முடிந்தது. எஞ்சிய மாநிலங்களில் ஏன் தொடங்கவில்லை என்று கேட்ட உச்ச நீதிமன்றம், 2025 மார்ச்சில் மத்திய அரசுக்கு மூன்று மாத அவகாசம் அளித்தது. 2001 கணக்கை அடிப்படையாகக் கொள்வதா, 2027 கணக்குக்காகக் காத்திருப்பதா என்பதே மணிப்பூரில் முதல் சர்ச்சை.

இரண்டாவது சர்ச்சை அதைவிடக் கூர்மையானது. சொந்த ஊரிலிருந்து விரட்டப்பட்டவர் எங்கே கணக்கிடப்படுவார்? சுராசந்த்பூரில் வீடிழந்து பிஷ்ணுபூர் முகாமில் இருக்கும் மைதேயி, பிஷ்ணுபூரின் குடியாகப் பதிவானால் அவர் விட்டுவந்த ஊர் ஆவணத்திலும் காலியாகிவிடும். இம்பாலில் வீடிழந்து காங்போக்பியில் வசிக்கும் குகிக்கும் இதே நிலைதான். வன்முறை நிகழ்த்திய பிரிவினைக்குக் கணக்கெடுப்பு முத்திரை குத்திவிடக் கூடாது என்ற கவலை இரு தரப்பின் இடம்பெயர்ந்தோரிடமும் நியாயமானதே.

மியான்மரிலிருந்து வந்து குடியேறியோர் குறித்த அச்சமும் இதனுடன் பின்னிக்கிடக்கிறது. 2021 பிப்ரவரியில் அங்கு ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின் சின் இன அகதிகள் மணிப்பூருக்குள்ளும் மிஸோரமுக்குள்ளும் வந்தனர். மலைக் கிராமங்கள் பெருகியதற்கு ஊடுருவலே காரணம் என்பது சமவெளியின் குற்றச்சாட்டு. அகதிகளைக் காரணம் காட்டிப் பூர்வகுடிகளான தங்களையே அந்நியர் ஆக்குகிறார்கள் என்பது குகிகளின் மறுப்பு. தேசியக் குடிமக்கள் பதிவேடு வேண்டும் என்ற கோரிக்கை மணிப்பூரில் எழுவது இதனால்தான்.

மோரே: தமிழர் கண்ட எல்லை

இந்த எல்லையின் கதையில் தமிழர்களுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. 1944-ல் இம்பாலை நோக்கி முன்னேறிய ஜப்பானியப் படையுடன் வந்த இந்திய தேசிய ராணுவத்தில் மலாயா, பர்மாவிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம். அவ்வாண்டு ஏப்ரல் 14-ம் தேதி லோக்தாக் ஏரிக்கரையில் உள்ள மொய்ராங்கில் அப்படை கொடியேற்றியது.

இருபது ஆண்டுகளுக்குப் பின் வேறொரு தமிழர் கூட்டம் அதே வழியில் வந்தது. 1962-ல் ஜெனரல் நீ வின் ஆட்சியைக் கைப்பற்றி வணிகத்தை நாட்டுடைமையாக்கியதும் பர்மா இந்தியர்கள் லட்சக்கணக்கில் வெளியேறினர். கப்பல்களில் சென்னை வந்து இறங்கியோர் தமிழகத்தின் பல ஊர்களில் குடியமர்த்தப்பட்டனர். சென்னையின் பர்மா பஜார் அவர்கள் நினைவைத் தாங்கி நிற்கிறது. புதிய வாழ்க்கை ஒட்டாமல், பிறந்த பர்மாவுக்கே தரைவழியாகத் திரும்ப முயன்ற சிலர் எல்லையில் தடுக்கப்பட்டனர். அவர்கள் தங்கிய இடமே மோரே. இம்பாலிலிருந்து ஏறத்தாழ 110 கி.மீ. தொலைவில், மியான்மரின் தமு நகருக்கு எதிரே உள்ள இச்சிற்றூரில் தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேஸ்வரி கோயிலும் எழுந்தன. ஒரு காலத்தில் பல ஆயிரமாக இருந்த தமிழர் எண்ணிக்கை, 1990-களின் மோதல்களுக்குப் பின் வெகுவாகக் குறைந்தது.

குகி, மைதேயி, நாகா, பாங்கல், தமிழர், நேபாளி, பஞ்சாபி, மார்வாரி எனப் பலரும் கடை விரித்த ஊர் மோரே. 1994-ல் இந்தியாவும் மியான்மரும் எல்லை வர்த்தக ஒப்பந்தம் செய்துகொண்டு, மறு ஆண்டு மோரேயில் வர்த்தகம் தொடங்கியது. அங்கிருந்து மியான்மர் வழியாகத் தாய்லாந்தின் மே சோட் வரை செல்லும் முத்தரப்பு நெடுஞ்சாலை, தில்லியின் கிழக்கு நோக்கிய கொள்கைக்கு முதுகெலும்பாகக் கருதப்பட்டது. 2019 ஜனவரியில் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடியும் திறக்கப்பட்டது.

அதன் பின் நடந்தவை கசப்பானவை. 2020-ல் கரோனா பெருந்தொற்றால் எல்லை மூடப்பட்டது. அடுத்த ஆண்டு மியான்மரில் ராணுவ ஆட்சி. 2022 ஜூலையில் மோரேயிலிருந்து தமுவுக்குச் சென்ற இரு தமிழர்கள் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டனர். 2023-ல் மோரேயே எரிந்தது. மைதேயிகள் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. எத்தரப்பிலும் சேராத தமிழ் வணிகர்கள் இடையில் சிக்கி வாழ்வாதாரம் இழந்தனர்.

எல்லையின் இருபுறத்தாரும் குறிப்பிட்ட தூரம் வரை சென்றுவர அனுமதித்த தடையற்ற நடமாட்ட முறை 16 கி.மீ. வரை பொருந்தியது. அதைக் கைவிடுவதாகவும் 1,643 கி.மீ. நீள மியான்மர் எல்லை முழுவதும் வேலி அமைப்பதாகவும் 2024 பிப்ரவரியில் உள்துறை அமைச்சர் அமித் ஷா அறிவித்தார். ஆண்டு இறுதியில் தூரம் 10 கி.மீ. எனக் குறைக்கப்பட்டு, அனுமதிச் சீட்டு கட்டாயமாக்கப்பட்டது. மைதேயிகள் வேலியை வரவேற்கின்றனர். எல்லைக்கு அப்பாலும் உறவினரைக் கொண்ட நாகாக்களும் குகி-சோ மக்களும் எதிர்க்கின்றனர். நாகாலாந்து, மிஸோரம் சட்டப்பேரவைகள் எதிர்ப்புத் தீர்மானமே நிறைவேற்றின.

தில்லியின் முன் உள்ள பணி

2025 செப்டம்பர் 4-ம் தேதி குகி-சோ ஆயுதக் குழுக்களுடனான செயல் நிறுத்த உடன்பாடு புதிய விதிகளுடன் மீண்டும் கையெழுத்தானது. மணிப்பூரின் எல்லை ஒருமைப்பாடு அதில் வலியுறுத்தப்பட்டது. இம்பாலை நாகாலாந்துடன் இணைக்கும் 2-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தடையற்ற போக்குவரத்துக்கு குகி-சோ கவுன்சிலும் இசைந்தது. செப்டம்பர் 13-ம் தேதி பிரதமர் மோடி சுராசந்த்பூருக்கும் இம்பாலுக்கும் சென்றார். வன்முறைக்குப் பின் அவரது முதல் பயணம் அது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலான தாமதத்தை எதிர்க்கட்சிகள் கடுமையாக விமர்சித்தன.

வடகிழக்கில் ஆயுதக் குழுக்களுடன் தனித்தனியே ஒப்பந்தம் செய்வது தில்லிக்குப் பழக்கமான வழி. நாகாக்களுடன் ஒன்று, குகிகளுடன் ஒன்று, மைதேயி பிரிவுடன் ஒன்று என மூன்று மேசைகளில் பேச்சு நடக்கும்போது, ஒரு மேசையில் கொடுக்கும் வாக்குறுதி மற்றொரு மேசையில் அச்சத்தை விதைக்கிறது. 2001 ஜூன் கற்றுத்தந்த பாடம் இது. மூன்று தரப்பையும், அவர்களுடன் பாங்கல் முதலான சிறு சமூகங்களையும் ஒரே மேசையில் அமர்த்துவது கடினமே. ஆனால் தவிர்க்க முடியாதது.

எல்லையை மாற்றாமலே செய்யக்கூடியவை பல உள்ளன. மலை மாவட்டக் கவுன்சில்களுக்கு ஆறாவது அட்டவணைக்கு நிகரான அதிகாரமும் நிதியும் வழங்கலாம். அவற்றின் தேர்தல்களைக் காலந்தவறாமல் நடத்தலாம். சமவெளியின் நில நெருக்கடிக்குப் பழங்குடிப் பட்டியல் ஒன்றே மருந்து என்ற எண்ணம் மாற, வேலைவாய்ப்பும் நகர வளர்ச்சியும் பெருக வேண்டும். சூறையாடப்பட்ட ஆயுதங்கள் முழுமையாக மீட்கப்படாதவரை எந்த உடன்பாடும் தாளிலேயே நிற்கும்.

அனைத்துக்கும் முன்பாக, முகாம்களில் உள்ளோர் தம் ஊர் திரும்ப வேண்டும். அது உடனே இயலாதெனில், அவர்களுடைய சொந்த ஊர், வீடு, நிலம் ஆகியவற்றின் உரிமை தனியே பதிவு செய்யப்பட வேண்டும். அவர்கள் இருக்கும் இடம் வேறு, உரிய இடம் வேறு என்பதை அரசு ஆவணம் ஏற்றுக்கொண்டால்தான் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் நம்பிக்கை பெறும். இல்லையேல், 1834-ல் மக்களைக் கேளாமல் கிழிக்கப்பட்ட கோட்டைப் போல, இம்முறை மாநிலத்துக்குள்ளேயே இன்னொரு கோடு நிரந்தரமாகிவிடும். அதை அழிக்கப் பிற்காலத்தில் எந்த ஒப்பந்தத்தாலும் இயலாது.